குடல் நலம் என்பது ‘நல்ல பாக்டீரியா’க்களின் எண்ணிக்கையா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல்லில் சீழ் பிடித்ததற்காக ஒருவர் பத்து நாள் ஆன்டிபயாடிக் உட்கொண்டிருக்கிறார். அதன் பிறகு இரண்டு மாதங்களாக வயிற்று உப்புசமும் அவ்வப்போது இளகிய மலமும் தொடர்கின்றன. தாமாகவே செய்துகொண்ட மலப் பரிசோதனையின் அறிக்கை ‘நல்ல பாக்டீரியாக்கள் குறைவு’ என்று சொல்லியிருக்கிறது. எந்தப் புரோபயாடிக்கை, அதாவது நன்மை தரும் என்று கருதி உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்களை, எத்தனை நாள் எடுத்தால் குடல் பழைய நிலைக்குத் திரும்பும் என்று கேட்கும் அவர், கடைசி வரியில் இன்னொன்றையும் கேட்டிருக்கிறார்: இத்தனை கிருமிகள் வயிற்றுக்குள் இருக்கும்போது உடல் ஏன் அவற்றை அழித்துவிடுவதில்லை? என் பார்வையில் அந்தக் கடைசி வரிதான் மூலக் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வியை வேறு விதமாகக் கேட்கத் தோன்றும். நான் குடல்நோய் மருத்துவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுபவன் அல்லன். கீழே சொல்லும் ஆய்வு முடிவுகள் படித்து அறிந்தவை. நோயாளிகளைப் பற்றிச் சொல்பவை பார்த்து அறிந்தவை.

முதலில் ஓர் எண்ணைச் சரிசெய்துவிடலாம். நம் உடலின் உயிரணுக்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நமக்குள் இருப்பதாகப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது 1970களில் போட்ட ஒரு தோராயக் கணக்கு. பிறகு வந்தவர்கள் அதைச் சரிபார்க்காமலே எடுத்தாண்டார்கள். 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டபோது, ஒரு சராசரி மனிதரிடம் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் 30 லட்சம் கோடி மனித உயிரணுக்களும் இருப்பதாகத் தெரிந்தது. அதாவது ஏறக்குறைய சரிபாதி. அந்த பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம் அளவே. ஆனால் அவை உடலெங்கும் பரவி இருப்பதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். இரைப்பையில் மிகக் குறைவு, சிறுகுடலின் தொடக்கத்தில் சற்று அதிகம், பெருங்குடலில் மட்டும் ஒரு கிராம் மலத்துக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவு. இந்த ஏற்றம் தற்செயலானதன்று. இரைப்பை அமிலம், பித்தநீர், சிறுகுடலின் வேகமான நகர்வு ஆகியவற்றைக் கொண்டு உணவு செரிக்கும் இடத்தில் நுண்ணுயிர்களைக் குறைவாக வைத்து, செரிக்காத மிச்சம் சேரும் இடத்தில் அவற்றைப் பெருகவிடுவது உடலே செய்யும் ஏற்பாடு.

அப்படிப் பெருகவிட்ட இடத்திலும் உடல் அவற்றைக் குடல் சுவரைத் தொடவிடுவதில்லை. குடலின் உட்சுவர் என்பது ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள்தாம். அந்த அடுக்கும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதுப்பிக்கப்படுகிறது. இவ்வளவு மெல்லிய சுவர் அத்தனை பெரிய கூட்டத்துக்கு அருகே எப்படி அமைதியாக இருக்கிறது என்ற வியப்புக்கு, 2008இல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் எலிகளின் பெருங்குடலைக் கவனமாகப் பதப்படுத்திப் பார்த்தபோது ஒரு தெளிவான விடை கிடைத்தது. சுவரின் மேல் உள்ள சளிப்படலம் இரண்டு அடுக்குகளாக இருந்தது. வெளி அடுக்கு தளர்வானது. அதில் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. உள் அடுக்கு இறுக்கமானது. அதில் ஒரு பாக்டீரியாகூட இல்லை. இந்தச் சளியின் முதன்மைப் புரதமான மியூசின் 2 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் பாக்டீரியாக்கள் நேரே சுவரைத் தொட்டன. அந்த எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி தானாகவே உண்டாகிறது. சிறுகுடலில் ஏற்பாடு வேறு. உணவுச்சத்தை உறிஞ்ச வேண்டியிருப்பதால் அங்கே இறுக்கமான சளியைப் பூச முடியாது. அதற்குப் பதிலாகச் சுவரின் மடிப்புகளுக்கு அடியில் உள்ள பேனெத் உயிரணுக்களும் மற்றவையும் பாக்டீரியாக்களைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டுமே எலியின் சிறுகுடலில் சுவருக்கும் பாக்டீரியாக்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோமீட்டர் இடைவெளியைக் காக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். இதற்கு மேல், நாள்தோறும் பல கிராம் இம்யூனோகுளோபுலின் ஏ என்ற நோயெதிர்ப்புப் புரதம் குடலுக்குள் சுரக்கப்படுகிறது. அது பாக்டீரியாக்களைக் கொல்வதைவிட அவற்றைப் போர்த்திச் சுவரில் ஒட்டவிடாமல் செய்வதையே பெரும்பாலும் செய்கிறது.

ஆகவே ‘ஏன் அழிப்பதில்லை’ என்பதற்கான விடையின் முதல் பாதி, உடல் தூரத்தைக் காக்கிறது என்பதாகும். இரண்டாம் பாதி, அந்தத் தூரத்தைக் காக்கும் செலவில் ஒரு பங்கை நுண்ணுயிர்களே ஏற்றுக்கொள்கின்றன என்பது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆன்டிபயாடிக்கிற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதற்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று குறுங்கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட்டைப் பெருங்குடல் சுவர் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் இரத்தம் கொண்டுவரும் உணவையே நம்பியிருக்க, பெருங்குடல் சுவரின் உயிரணுக்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை, நுண்ணுயிர்கள் சமைத்துத் தரும் இந்த ஒரு பொருளிலிருந்து பெறுவதாக 1980 வாக்கிலேயே தெரிந்திருந்தது. அதன் முழுப் பொருள் விளங்கியது அண்மையில்தான். பியூட்டிரேட்டை எரிக்க ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். சுவரின் உயிரணுக்கள் அதை எரித்துக்கொண்டே இருப்பதால், இரத்தத்திலிருந்து வரும் ஆக்ஸிஜன் அங்கேயே தீர்ந்துபோய், குடலின் உட்புறத்துக்குக் கசிவதில்லை. உட்புறத்தில் ஆக்ஸிஜன் இல்லாததால்தான் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் அங்கே உயிர் வாழ்கின்றன. அவற்றுக்கு ஆக்ஸிஜன் நஞ்சு. அவை தரும் உணவைச் சுவர் எரிக்கிறது, எரிப்பதால் அவை வாழும் சூழல் நிலைக்கிறது, அவை வாழ்வதால் மீண்டும் உணவு வருகிறது. ஒன்றின் எச்சமே மற்றதன் வாழ்விடமாக அமையும் இப்படியொரு சுற்று உடலில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இருப்பதாக நான் கருதவில்லை.

இந்தச் சுற்றை ஆன்டிபயாடிக் எப்படி அறுக்கிறது என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2017இல் எலிகளில் காட்டியது. மருந்து பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்களைக் கொன்றதும் சுவரின் உயிரணுக்கள் குளுக்கோஸுக்கு மாறிக்கொண்டன. அதற்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படாததால் மிச்ச ஆக்ஸிஜன் உள்ளே கசிந்தது. ஆக்ஸிஜன் இருந்தால் அதைப் பயன்படுத்திக் கொழிக்கக்கூடிய ஈ.கோலை, சால்மோனெல்லா வகையினங்கள் அங்கே பெருகின. கவனியுங்கள்: இந்தக் கிருமிகள் பெருகியது ‘நல்லவை’ போனதால் ஏற்பட்ட காலியிடத்தால் மட்டுமன்று, சுவரின் நடத்தை மாறியதாலும்தான். வயலில் எந்தப் பயிர் நிற்கும் என்பதை விதையைப் போலவே தேங்கும் நீரும் தீர்மானிப்பதைப் போன்றது இது. அதனால்தான் வெளியிலிருந்து எந்த பாக்டீரியாவைக் கொண்டுவந்து இடுவது என்பதை முதல் கேள்வியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

மேற்சொன்னவற்றில் பல எலிகளில் கண்டவை. மனிதரில் இதற்குச் சான்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நோய்க்காகவோ விபத்துக்காகவோ அறுவை செய்து, சிறுகுடலையோ பெருங்குடலின் மேற்பகுதியையோ வயிற்றின் வெளியே திறந்துவிட்டவர்களிடம் கீழே மிஞ்சியிருக்கும் பெருங்குடல் துண்டுக்கு மலம் வருவதில்லை. முற்றிலும் ஆரோக்கியமாக இருந்த அந்தத் துண்டும் சில மாதங்களில் சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும் அளவுக்கு அழற்சியடைவதை எண்டோஸ்கோப்பில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குடலை மறுபடி இணைத்துவிட்டால் அது தானாக ஆறிவிடும். மலமும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் வராததாலேயே ஒரு குடல் நோய்ப்படுகிறது. 1989இல் அத்தகைய நால்வருக்குக் குறுங்கொழுப்பு அமிலக் கரைசலை எனிமாவாகக் கொடுத்தபோது புண் ஆறியதாக ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. ஆனால் அதைத் தொடர்ந்து நடந்த சிறு ஒப்பீட்டு ஆய்வு அதே பலனை உறுதிசெய்யவில்லை. எனவே ‘மல ஓட்டம் நின்றால் குடல் கெடுகிறது’ என்பது உறுதி. ‘பியூட்டிரேட் இல்லாததே அதற்கு முழுக் காரணம்’ என்பது இன்னும் ஐயத்துக்குரியது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய்க்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை நீக்கியவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய இணைப்புக்கு அருகே நோய் மீண்டும் தலைகாட்டும். 1991இல் பெல்ஜியத்தின் லூவன் மருத்துவர்கள், மல ஓட்டம் அந்த இடத்துக்குச் செல்லாதபடி திருப்பிவிடப்பட்ட ஐந்து பேரில் ஆறு மாதங்கள் வரை ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை என்றும், ஓட்டத்தை மறுபடி இணைத்த பின் அனைவருக்கும் திரும்பியது என்றும் பதிவு செய்தார்கள். ஒருவர் குடலுக்கு உணவாக இருக்கும் அதே ஓட்டம் இன்னொருவர் குடலுக்குத் தீயாக இருக்கிறது. வேறுபாடு பாக்டீரியாவில் மட்டுமா, அதை எதிர்கொள்ளும் உடலிலும் உண்டா?

உடலிலும் உண்டு என்பதற்கான சான்று வலுவானது. 1993இல், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லியூக்கின் 10 என்ற சமிக்ஞைப் புரதம் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்குக் குடல் அழற்சி தானாகவே உண்டானது. அதே எலிகளை ஒரு கிருமியும் இல்லாத சூழலில் வளர்த்தபோது நோய் வரவில்லை. சாதாரண எலிகளுக்கு எந்தத் தீங்கும் செய்யாத பாக்டீரியாக்களே இவற்றுக்குப் பகையாயின. வேலி பயிரை மேய்ந்த கதை. 2001இல் மனிதரின் கிரோன் நோயோடு முதன்முதலில் தொடர்புபடுத்தப்பட்ட நாட் 2 என்ற மரபணுவும் பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகளை அடையாளம் காணும் வேலையைச் செய்வதுதான். ஆகவே நோயெதிர்ப்பு மண்டலம் குடலில் இந்த உயிர்களைக் காணாமல் கண்மூடி இருப்பதில்லை. இடைவிடாமல் பார்த்துக்கொண்டே, தேவையான அளவுக்குக் கையைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுத் தருவதிலும் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு. பியூட்டிரேட், அழற்சியை அடக்கும் ஒழுங்காற்று டி அணுக்கள் பெருங்குடலில் உருவாவதைத் தூண்டுவதாக 2013இல் வெவ்வேறு குழுக்கள் ஒரே நேரத்தில் எலிகளில் காட்டின. அதற்கு முன்பே, 2004இல், பாக்டீரியாக்களை உணரும் ஏற்பிகள் செயலிழந்த எலிகளின் குடல் ஒரு காயத்துக்குப் பிறகு சரியாக ஆறுவதில்லை என்று தெரியவந்தது. அதாவது பாக்டீரியாவின் இருப்பை உணர்வதே சுவரைப் பழுதுபார்க்கும் உத்தரவாகவும் அமைகிறது. ஒரு கிருமியும் இல்லாமல் வளர்க்கப்படும் விலங்குகள் உயிர் வாழ்கின்றன. ஆனால் அவற்றின் குடலில் நிணநீர்த் திட்டுகள் வளர்ச்சி குன்றியும், இம்யூனோகுளோபுலின் ஏ சுரக்கும் அணுக்கள் அரிதாகவும் இருக்கின்றன.

நுண்ணுயிர்கள் வெளிக்கிருமிகளைத் தடுப்பதும் பழைய செய்திதான். 1950களில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளைத் தொற்றுக்குள்ளாக்கப் பத்துக்கும் குறைவான சால்மோனெல்லா போதும் என்றும், கொடுக்காத எலிகளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தேவை என்றும் கண்டார்கள். மனிதரில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, ஆன்டிபயாடிக்கிற்குப் பிறகு பேதியாக வரும், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் தொற்று. கல்லீரல் சுரக்கும் முதல்நிலைப் பித்த அமிலங்கள் இந்தக் கிருமியின் வித்துகளை முளைக்கத் தூண்டுகின்றன. குடல் பாக்டீரியாக்கள் சில, அந்த அமிலங்களை இரண்டாம்நிலை அமிலங்களாக மாற்றும்போது அவை இதே கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மாற்றும் பாக்டீரியாக்கள் இல்லாமற்போனால் தூண்டுதல் மட்டும் மிஞ்சுகிறது. மீண்டும் மீண்டும் இத்தொற்றுக்கு ஆளானவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலக் கரைசலைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சையை நெதர்லாந்தில் சோதித்து 2013இல் வெளியிட்டபோது, 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமடைந்திருந்தார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானோர் 4 பேர். நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றினால் நோய் தீரும் என்பதற்கு மனிதரில் இதைவிட வலுவான சான்று இல்லை. ஆனால் இந்த ஒரு நோயின் வெற்றியைக் காட்டி மற்ற எல்லாக் குடல் தொல்லைகளுக்கும் அதையே பரிந்துரைப்பது தவறு. சரியாகப் பரிசோதிக்கப்படாத மலத்தின் வழியே மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்றி ஒருவர் இறந்ததை அடுத்து, 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

இனி ஐயத்துக்குரியவற்றைச் சொல்கிறேன். கிரோன் நோயாளிகளிடம் பியூட்டிரேட் தரும் ஃபீக்காலிபாக்டீரியம் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. அது குறைந்ததால் நோய் வந்ததா, அழற்சியால் அது குறைந்ததா என்பது தீர்க்கப்படவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதாகவே நான் எண்ணுகிறேன், ஆனால் அது என் கருத்து மட்டுமே. ‘குடல் ஒழுகல்’ என்று இணையத்தில் சொல்லப்படுவது முற்றும் கற்பனையன்று. அழற்சியின்போது சுவரின் இடையிணைப்புகள் தளர்வது உண்மை. களைப்பு முதல் தோல் அரிப்பு வரை எல்லாவற்றுக்கும் அதுவே மூலம் என்பதற்குத்தான் சான்று இல்லை. உங்கள் மல அறிக்கையைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான இரண்டு பேரின் குடல் பாக்டீரியாக்களே ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடும். ஒவ்வோர் இனமும் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் கிடையாது. மேலும் மலத்தில் இருப்பது வேறு, சுவரை ஒட்டி வாழ்வது வேறு. அறிக்கையில் சிவப்பு நிறத்தில் அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒன்று நோயாகிவிடாது.

புரோபயாடிக் பற்றிக் கேட்டீர்கள். ஆன்டிபயாடிக் எடுக்கும்போதே கூடவே கொடுத்தால் சில வகைகள் பேதியின் வாய்ப்பைக் குறைக்கின்றன என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. மருந்து முடிந்த பிறகு எடுப்பது வேறு கதை. வைஸ்மன் நிறுவனத்தில் 2018இல் 21 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆன்டிபயாடிக்கிற்குப் பின் பலவகை புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவர்களுடைய சொந்த நுண்ணுயிர்கள் திரும்பிவர, ஒன்றும் எடுக்காதவர்களைவிட அதிக காலம் பிடித்தது. சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துப் புரோபயாடிக் தீங்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘எடுத்தால் நன்மை, இல்லாவிட்டால் இழப்பில்லை’ என்ற எண்ணத்துக்கு அது போதுமான மறுப்பு. பெரும்பாலான குடல் நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமும். ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பகுதி திரும்பும்: 2008இல் சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்த மூவரைத் தொடர்ந்து கவனித்தபோது நான்கு வாரங்களுக்குள் கூட்டம் பழைய வடிவத்துக்கு நெருங்கிவிட்டது. சில இனங்கள் மட்டும் ஆறு மாதங்கள் ஆகியும் காணப்படவில்லை.

பியூட்டிரேட்டும் குடல் சுவரும் ஒன்றையொன்று காக்கும் அந்தச் சுற்றை மீட்க நம் கையில் இருக்கும் ஒரே எளிய பிடி உணவு. நார்ச்சத்தை அடியோடு நிறுத்திய எலிகளில் பாக்டீரியாக்கள் பசிக்குச் சளிப்படலத்தையே உண்டு அதை மெலியச் செய்தன என்று 2016இல் காட்டினார்கள். மனிதரில் அவ்வளவு நேரடியான சான்று இல்லாவிட்டாலும் திசை ஒன்றுதான். இருந்தாலும் உப்புசம் உள்ள ஒருவருக்கு ஒரே வாரத்தில் நார்ச்சத்தை இரட்டிப்பாக்கச் சொல்வது கொடுமை, ஏனெனில் நொதித்தல் வாயுவையும் சேர்த்தே தரும். பயறு, காய், முழுதானியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சிறிதளவு கூட்டி, இரண்டு வாரம் பொறுத்து, வயிறு ஏற்றுக்கொண்ட பிறகு அடுத்ததைக் கூட்டுங்கள். பாலைச் சில நாள் நிறுத்திப் பார்ப்பதும் பயன்படும். குடல் சுவர் நலிந்திருக்கும்போது பாலின் சர்க்கரை செரிக்காமல் இதே தொல்லையைத் தருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

எழுத்தில் படித்ததை வைத்து உங்கள் நோய் இன்னது என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தால், அந்த விலையுயர்ந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு, சாதாரணமான இரண்டு மலப் பரிசோதனைகளை எழுதித் தந்திருப்பேன். ஒன்று, டிஃபிசில் கிருமியின் நச்சுக்கானது. ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் வரையிலும் அது வரலாம். மற்றொன்று கால்ப்ரொடெக்டின், குடலில் அழற்சி இருக்கிறதா என்பதை அது ஓரளவு நம்பகமாகச் சொல்லும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். அப்போது கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை, தேவைப்படலாம். இவை எதுவும் இல்லை, இரண்டு பரிசோதனைகளும் இயல்பு என்றால், அடுத்த இரண்டு மாதங்களுக்கு உணவை மேற்சொன்னபடி மாற்றி, எந்த நாளில் எதை உண்டபோது தொல்லை கூடியது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மறுபடி மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பேட்டையும், எடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயரையும் கொண்டு செல்லுங்கள்.